கட்டர் மூடி விற்காத அக்கா

கடை வைத்திருப்பவர்கள் பொருளை விற்பார்கள் என்று நாற்பத்தாறு வயது வரைக்கும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர் கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஓர் அக்கா. குழாய், பெண்டு, வாளி, பெயின்ட் என்று எதைக் கேட்டாலும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எடுத்துப் போடுவார். கூரை ஓரத்துக் கட்டருக்கு மேலே போடுகிற மூடி வேண்டும் என்று கேட்டால் மட்டும் நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, கேட்டவனை மேலும் கீழும் பார்ப்பார்.

"வீட்டச் சுத்தி என்ன மரம்?"

"மரம் எதுக்குக்கா? கட்டர் பதினெட்டு அடி. அதுக்கு மூடி வேணும், அவ்ளோதான்."

"மரம் என்ன மரம்னு கேட்டேன் சார்."

"பாதாம்."

"வேற?"

"பின்னாடி முருங்க. பக்கத்து வீட்டு வேப்பமரம் பாதி நம்ம பக்கம்தான் கெடக்குது."

"மூணுமா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். "கஷ்டம் சார். போயி யோசிச்சிட்டு வாங்க."

யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கடையின் உள்ளே நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய வீட்டுக்காரர், தாளை இறக்காமலே, "எதையாவது குடுத்து அனுப்பேன்" என்றார். அவர் அதைத் தினமும் சொல்கிறவர் என்பது குரலிலேயே தெரிந்தது.

என் அவசரத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆபீஸ் கடலூரில், வீடு சிதம்பரத்தில். அந்த வீட்டு மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட ஓர் அறை உண்டு. அதில் என் மாமனார் இருந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயதிலும் காலையில் மாடியில் குனிந்து நிமிர்ந்து கைகால் வீசிவிட்டுத்தான் காபி குடிப்பார். தகர ஷீட்டுக்குக் கீழே கோடையில் மனிதன் இருக்க முடியாது. அவர் இருந்தார் என்றால், பக்கத்தில் நின்ற பாதாம் மரம் கூரை முழுக்கக் குடை பிடித்ததுதான் காரணம். ஆனால் அதே மரம் மழைக்காலத்தில் ஷீட்டின் ஓரக் கட்டருக்குள், அதாவது மழைத் தண்ணீரை வாங்கிக் குழாயில் விடுகிற அந்த நீளத் தொட்டிக்குள், தட்டு தட்டாக இலையைப் போட்டு அடைத்துவிடும். தண்ணீர் போக வழியில்லாமல் சுவர் வழியே உள்ளே இறங்கும். போன ஐப்பசியில் சுவிட்சு போர்டில் பொறி பறந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் மாமனாருக்குத் தலைசுற்றல் வந்து டாக்டரிடம் போயிருந்தோம். படி ஏறுவதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். என் மைத்துனன் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "மாமா, ஒண்ணு மரத்த வெட்டணும். இல்லன்னா அப்பா கீழ வரணும். ரெண்டுல ஒண்ண சொல்லுங்க."

மாமனார் இரண்டுக்கும் ஒப்பவில்லை. "மரத்த வெட்டினா சித்திரையில நான் அப்பளம்தான். கீழ வந்தா ஹால்ல கட்டில் போடுவீங்க. கட்டில் போட்டா படுத்துடுவேன். படுத்தா அவ்ளோதான் மாப்ள, எழுந்திரிக்க மாட்டேன்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பயந்த முகம் அது. டிரில் மாஸ்டர்கள் பயப்பட்டு நான் பார்த்ததில்லை.

மரமும் நிற்க வேண்டும், சுவரும் காய வேண்டும், மனிதரும் மேலேயே இருக்க வேண்டும். அதற்கு இலையைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடுகிற ஒரு மூடி வேண்டும். உலகத்தில் இதைவிடச் சின்ன ஆசை உண்டா?

அக்காவின் கடையில் ஐந்து வகை மூடி நைலான் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் வலை ஒன்று. பொடிப்பொடித் துளை போட்ட அலுமினியத் தகடு ஒன்று. பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷை முழ நீளத்துக்கு இழுத்துவிட்ட மாதிரி ஒன்று. அதைக் கட்டருக்குள்ளேயே படுக்க வைக்க வேண்டுமாம். கறுப்பு ஸ்பாஞ்சு ஒன்று. கடைசியாக, துளையே இல்லாமல் மூக்கு மட்டும் வளைந்த முழுத் தகடு. தண்ணீர் அந்த மூக்கில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும், இலை வழுக்கிக் கீழே விழும் என்றார். எனக்குக் கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

"அப்ப அதையே குடுங்கக்கா."

"சாதா மழைன்னா போவும். நம்மூரு புயல் மழை அடிச்சா தண்ணி மூக்குல ஒட்டாது, எகிறிப் போயிடும். வேணாம்."

"சரி, வலை?"

"முருங்க இல பூரா உள்ள எறங்கிடும். உள்ள எறங்கினா சேறு. வேணாம்."

"அலுமினியம்?"

"முருங்கைக்கு நல்லது. பாதாமுக்கு ஆவாது. பெரிய இல நனைஞ்சி மேல ஒட்டிக்கும்."

"பிரஷ்ஷு?"

"வேப்பம்பூ மாட்டிக்கிட்டா எடுக்கவே முடியாது சார். ஸ்பாஞ்சும் அப்டித்தான்."

மறுவாரம், அவர் சொன்னதையெல்லாம் மனதில் வாங்கிக்கொண்டு, "அக்கா, நீங்க சொன்ன மாதிரி பிரஷ்ஷு வேணாம், வலையும் வேணாம்" என்று ஆரம்பித்தேன். "ஏன் வேணாம்? வலை நல்ல வலை சார். கழட்டி மாட்ட சுளுவா இருக்கும்" என்றார். போன வாரம் திட்டிய ஒவ்வொன்றையும் அன்றைக்குப் பாராட்டினார். நான் வலைதான் என்று முடிவுக்கு வந்தபோது அது மறுபடி ஆகாததாகிவிட்டது. எனக்குத் தலை கிறுகிறுத்தது. டாக்டரிடம் மாமனாரோடு என்னையும் காட்டியிருக்கலாம் போலிருந்தது.

அவர் வாயில் எப்போதும் ஒரு வாக்கியம் இருக்கும். "எல்லாமே நல்ல பொருள்தான் சார். உங்க வூட்டுக்கு நல்லதான்னுதான் தெரியல." இடுப்பில் செருகியிருந்த அளவு டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்துகொண்டே இதைச் சொல்வார். அது சர்ரென்று உள்ளே போகும் சத்தத்தோடு என் நம்பிக்கையும் உள்ளே போய்விடும்.

மூன்றாவது முறை இலையைக் கொண்டுவரச் சொன்னார். அதுவும் நனைந்த இலை. "காஞ்ச இலையக் காட்டி என்ன ஏமாத்தாதீங்க. மழையில எப்டி வுழுதோ அப்டி வேணும்." மூன்று மரத்து இலைகளையும் இரவெல்லாம் வாளியில் ஊறப்போட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி, சிதம்பரத்திலிருந்து காலை பஸ்ஸில் கொண்டுவந்தேன். நேராக ஆபீசுக்குத்தான் போக வேண்டியிருந்தது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரர், "என்ன சார், பொரியலா?" என்று பையை அவிழ்த்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னை யாரும் சாதாரணமாகப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அக்கா அந்த இலைகளை ஒவ்வொரு மூடியின் மேலும் பரப்பி, மக்கில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஊற்றினார். கடைக்கு வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முடிவில் என் முகத்தைப் பார்த்து, உண்மையான வருத்தத்தோடு, "தெரியல சார்" என்றார்.

சும்மா கொடுத்துவிட வேண்டியதுதானே, வாங்கிக்கொண்டு போகிறவன் தலையெழுத்து என்று விட வேண்டியதுதானே என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அதற்கு ஒரு வீட்டின் கதையைச் சொன்னார். மங்கலம்பேட்டைப் பக்கம் ஒரு வீடாம். கேட்டதைக் கொடுத்து அனுப்பினாராம். மூடி அடைத்துக்கொண்டு தண்ணீர் ஷீட்டுக்கு அடியில் புகுந்து, வீட்டில் அடுக்கியிருந்த நெல் மூட்டை எல்லாம் முளைத்துவிட்டதாம். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆனது. ஆனால் அடுத்த மாதம் அதே கதையில் வீடு கிள்ளைக்குப் போய்விட்டது. நெல் மூட்டை போய், கல்யாணத்துக்கு எடுத்து வைத்த பட்டுப்புடவை வந்துவிட்டது. அவர் தேநீர் வாங்கப் போன நேரத்தில் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அன்றுதான் அவர் செய்தித்தாளை இறக்கினார்.

"எந்த வூடுன்னு எனக்கே தெரியாது சார். கல்யாணம் ஆனதுலேருந்து கேக்கறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு ஊர் சொல்றா. ஆனா சொல்றப்ப நெஜமாவே அழுவுறா."

அக்கா பொய் சொல்கிறாரா, அல்லது எல்லா ஊரிலும் அப்படி ஒரு வீடு உண்டா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

புரட்டாசி பாதி போய்விட்டது. மைத்துனன் பொறுமை இழந்து, ஞாயிற்றுக்கிழமை காலை மரம் வெட்டுகிற ஆட்களுக்குச் சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கடை வாசலில் போய் நின்று, ஏறக்குறைய சண்டைக்கே போய்விட்டேன்.

"அக்கா, இன்னிக்கு நீங்க ஏதாவது ஒண்ணு குடுத்தே ஆவணும். இல்லன்னா ஞாயித்துக்கிழம மரம் போயிடும். மாமாவால அங்க இருக்க முடியாது. கீழ வந்தா படுத்துடுவேன்றாரு. உங்களுக்கு வெளாட்டா இருக்குதா?"

அக்கா டேப்பை இடுப்பில் செருகினார். "நாளைக்கு நானே வரேன். மேல ஏறிப் பாக்காம சொல்ல மாட்டேன்."

வந்தார். துணிப்பையில் ஐந்து மூடியின் துண்டுகளையும் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி, விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். என் மனைவி கொடுத்த காபியைக்கூட அப்புறம் என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினார். என்னைக் கீழே அனுப்பினார். "நான் மேலேருந்து கட்டர்ல தண்ணி ஊத்தறேன். நீங்க குழா வாயிலேயே நின்னு, வருதா நிக்கிதான்னு கொரல் குடுங்க."

நான் குழாய் வாயில் குந்திக்கொண்டு, "வருதுக்கா! கொஞ்சமா வருதுக்கா! நின்னுபோச்சுக்கா!" என்று கத்திக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் வரவில்லை, மேலிருந்து பதிலும் வரவில்லை. மாமனாரும் அவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது. அரை மணி நேரம் போயிருக்கும். இறங்கி வந்தபோது அக்காவின் முகம் வேறு மாதிரி இருந்தது. ஹாலில் மைத்துனனும் இருந்தான். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, ஒரே மூச்சில் சொன்னார்.

"மரத்த வெட்டிடுங்க சார்."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. நான்கு மாதமாக ஒரு முழத் தகட்டுக்கு முடிவு சொல்லத் தெரியாத மனுஷி, ஒரு முழு மரத்துக்கு அரை நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார்.

"மூடி?"

"மூடி எதுவும் வேணாம். பாதாம் போயிட்டா வேப்பிலையும் முருங்கையும் தண்ணியோட போயிடும். வெட்டிடுங்க."

"பாத்தீங்களா மாமா, கடைக்காரங்களே சொல்றாங்க" என்றான் மைத்துனன்.

எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ சொன்னேன். மரத்தை வெட்டச் சொல்வதற்கு நீங்கள் எதற்கு, அதற்குத்தான் இவன் இருக்கிறானே என்றேன். கடையைப் பூட்டிவிட்டு வேறு வேலை பாருங்கள் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் மூடித் துண்டுகளைத் துணிப்பையில் அள்ளிப் போட்டார். காபியைக் குடிக்காமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் மைத்துனனிடம், "மச்சான், இந்த மழை முடியட்டும், மரத்துல கை வெக்காத" என்று சொல்லி ஆட்களை வேண்டாம் என்று நிறுத்தினேன். சிதம்பரத்திலேயே வேறொரு கடையில் துளை போட்ட அலுமினியத் தகட்டை வாங்கினேன். என்ன மரம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இரண்டு ஆட்கள் வந்து ஒரு மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். அப்பாடா என்றிருந்தது.

ஐப்பசி மழை கொட்டியது. தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் மாடிச் சுவரில் கை வைத்துப் பார்ப்பேன். சுத்தமாகக் காய்ந்திருந்தது. "எப்டி மாமா?" என்பேன். "சூப்பர் மாப்ள" என்பார் மாமனார், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே. இரண்டு வாரம் இப்படிப் போனது. பெருமை தாங்கவில்லை எனக்கு. அக்காவிடம் சொல்லிக் காட்டாவிட்டால் தூக்கம் வராது போலிருந்தது. அன்றைக்கு மழைக்காகப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். டீச்சரான என் மனைவி வீட்டில் இருந்தாள். எங்கள் ஆபீசுக்கு எந்தக் காலத்தில் விடுமுறை விட்டார்கள்? மத்தியானம் குடையோடு கடைக்குப் போனேன்.

"அலுமினியம்தான்க்கா போட்டேன். நீங்க ஆவாதுன்னீங்களே, அதேதான். சொவுரு கல்லு மாதிரி காஞ்சி கெடக்குது."

அக்கா சந்தோஷப்படவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. கயிற்றிலிருந்து அலுமினியத் துண்டை அவிழ்த்தார். ஒரு செய்தித்தாளைக் கிழித்து நனைத்து அதன் மேல் ஒட்டினார். மக்குத் தண்ணீரை ஊற்றினார். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. எல்லாம் வழிந்து என் செருப்பின் மேல் விழுந்தது.

"பாதாம் எலையும் இப்டித்தான் ஒட்டிக்கும் சார். தள்ளி வுடாம ஒரு மழை தாங்காது. யாரு தள்றாங்க?"

"யாரும் தள்ளல. அதுக்குத்தானே மூடி?"

அவர் மக்கைக் கீழே வைத்தார். பிறகு சொல்லிவிட்டார்.

"அன்னிக்கி தண்ணி ஊத்த ஸ்டூல் மேல ஏறினேன்ல, அப்பவே பாத்தேன். மொட்ட மாடி கைப்புடிச் சொவுரு மேல பாசி புடிச்சிருக்குது. அதுல கால் வெச்சி வெச்சி ரெண்டு எடத்துல மட்டும் தேஞ்சி கெடக்குது. உங்க மாமாவக் கேட்டேன். ஒத்துக்கிட்டாரு. மழை பேஞ்சா சொவுரு மேல ஏறி நின்னுக்கிட்டு, ஒட்டடக் கம்பால எலையத் தள்ளுவாராம். போன வருஷத்துலேருந்து. என் கையப் புடிச்சிக்கிட்டாரு சார். சொல்லிடாதம்மா, சொன்னா அடுத்த நிமிஷம் என்ன எறக்கிப் படுக்க வெச்சிடுவாங்கன்னாரு. சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேன். எல வுழுந்தாத்தானே ஏறுவாரு? அதான் மரத்த வெட்டுங்கன்னேன்."

வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. தலைசுற்றல்காரர், ஈரச் சுவர், முக்கால் அடி அகலம். மனைவிக்குப் போன் போட்டேன்.

"அப்பா எங்க?"

"மேலதான் இருக்காரு. ஏன்?"

"உடனே மேல போயி பாரு."

அவள் படியேறும் சத்தம் கேட்டது. கதவு திறந்ததும் போனுக்குள் மழைச் சத்தம் பெரிதானது. பிறகு அவள் மூச்சு மட்டும். "ஏங்க... கைப்புடிச் சொவுரு மேல நிக்கிறாருங்க."

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "கத்த வேணாம்னு சொல்லுங்க. பின்னாடி நின்னு கூப்ட வேணாம், திடுக்குனு திரும்புவாரு. அவரு கண்ணுல படற மாதிரி சுத்திப் போயி சும்மா நிக்கச் சொல்லுங்க."

நான் அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைக்குள்ளே அக்காவின் வீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். "எறங்கிட்டாருங்க" என்று சொல்லிவிட்டு என் மனைவி அழ ஆரம்பித்தாள். பின்னால் மாமனாரின் குரல், "ஒண்ணும் ஆவல, ஏன் அழுவுற?" என்று அதட்டுவது கேட்டது.

அக்கா ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"அன்னிக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்ல சார்? பெரிய மனுஷன் கையப் புடிச்சிக் கேட்டத எப்டி ஒடைக்கிறதுன்னு இருந்துட்டேன். சொல்லாம இருந்தது சரியா, தப்பா? நீங்க சொல்லுங்க."

நான்கு மாதம் இவரிடம் ஒரு பதிலுக்காக அலைந்தவன் நான். கடைசியில் சொன்ன பதிலுக்காக வாயில் வந்தபடி பேசியவன். மரத்தையும் இலையையும் விட்டு இவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி இது.

"தெரியலக்கா" என்றேன்.

அந்த வாரமே மரத்தை வெட்டினோம். நானே மைத்துனனைக் கூப்பிட்டுச் சொன்னேன். மாமனாரைக் கீழே இறக்குவதைப் பற்றி வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. இலை விழாவிட்டால் ஏற வேண்டியதில்லை, அவர் மேலேயே இருக்கட்டும், கோடையில் வெயிலுக்கு வேறு வழி பார்ப்போம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அது சரியா என்றும் எனக்குத் தெரியவில்லை.

மரம் போன அன்று சாயங்காலம் மாடிக்குப் போனேன். ஜன்னல் வழியே அளவுக்கு மீறி வெளிச்சம் வந்தது. மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னை நேராகப் பார்த்து ஒன்று மட்டும் கேட்டார்.

"அந்தக் கடைக்காரம்மா சொல்லிடுச்சா?"

எதற்கும் உடனே பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இதற்கு மட்டும் ஒரு நொடிகூட ஆகவில்லை.

"இல்ல மாமா. சொவுரு மேல கால்தடத்த நானாதான் பாத்தேன்."

அவர் ஜன்னல் கதவை எட்டிச் சாத்தினார். பிறகு, "நல்ல பொம்பள" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.